முகூர்த்தமில்லா ஞாயிறு: கோலாலம்பூரில் ஒரு மணப்பெண் கண்காட்சி உருவாகும் விதம்

கல்யாணத்துக்கு வேண்டிய சேலை, நகை, மேக்கப், மணவறைக்காரர்கள் ஒரே அரங்கில் கடை விரிக்கும் மணப்பெண் கண்காட்சிக்குக் கோலாலம்பூரில் நாள் குறிக்க உட்காருபவர்களும், கல்யாணத்துக்கு நாள் குறிக்க உட்காரும் பெற்றோரைப் போலவே, பஞ்சாங்கத்தைத்தான் முதலில் விரிக்கிறார்கள். தேடுவது மட்டும் நேர்மாறானது. பெற்றோர் முகூர்த்தமுள்ள ஞாயிற்றுக்கிழமையைத் தேடுகிறார்கள். இவர்களுக்கு முகூர்த்தமே இல்லாத ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வாரநாளில் வேலைக்கு விடுப்பெடுத்துக் கல்யாணத்துக்கு வருவது விருந்தினருக்குக் கடினம் என்பதால், மலேசியத் தமிழ்க் கல்யாணங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறிலும் பொது விடுமுறை நாள்களிலும்தான் நடக்கின்றன. வைகாசியிலோ ஆவணியிலோ தையிலோ ஒரு நல்ல ஞாயிறு வாய்த்துவிட்டால், அன்று விடியற்காலை மூன்று மணியிலிருந்தே மேக்கப் அக்காமார், மணவறை அலங்காரக்காரர்கள், நாதஸ்வரக் குழுவினர், படம் பிடிப்பவர்கள், பூக்கட்டுபவர்கள் எனத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஏதேனும் ஒரு மண்டபத்தில் இருப்பார்கள். கண்காட்சியில் கடை போட வேண்டியவர்களும் மேடையில் திறமை காட்ட வேண்டியவர்களும் அவர்களேதாம். ஆகவே அவர்களுக்கு வேலையில்லாத நாளே கண்காட்சிக்கு உகந்த நாள்.

அப்படிப் பார்த்தால் ஆண்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான். புரட்டாசி பிறந்ததும் தீபாவளிச் சந்தைகள் பெரிய அரங்குகளைப் பிடித்துக்கொள்கின்றன; சேலைக் கடைக்காரர்களும் அங்கே போய்விடுகிறார்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாதுதான், ஆனால் ஆண்டிறுதி விருந்துகளுக்காக ஹோட்டல் மண்டபங்கள் முன்பே பதிவாகியிருக்கும். பாதி வாடிக்கையாளர்கள் விரதத்திலோ ஊர்ப் பயணத்திலோ இருப்பார்கள். எஞ்சுவது ஆடி. சீனர்கள் கல்யாணம் வைக்கத் தயங்கும் அவர்களுடைய ஏழாம் மாதமும் சில ஆண்டுகளில் ஆடியின் பிற்பகுதியோடு சேர்ந்து வந்துவிடும். அப்போது மண்டபக்காரர்களிடம் வாடகை பேசிக் குறைப்பது கொஞ்சம் எளிது.

ஆடியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பார்க்க வருவார்கள், விலை கேட்பார்கள், சேலையைத் தோளில் போட்டுப் படமெடுத்துக்கொள்வார்கள். முன்பணம் என்று வந்தால், ‘ஆடி போகட்டும்’ என்பார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆகஸ்டு முதல் வாரத்தில் வரும் அந்தப் பதினெட்டாம் நாளுக்கு அடுத்து வரும் வாரயிறுதியைப் பிடிக்க ஏற்பாட்டாளர்களிடையே நடக்கும் போட்டி, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாத அளவுக்குக் கடுமையானது. ‘இன்று பதிவு செய்தால் மட்டும்’ என்று கண்காட்சிகளில் தொங்கும் தள்ளுபடி அட்டைகளைப் பலர் வெறும் விற்பனைத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். தந்திரம்தான், ஆனால் நல்ல மாதம் பிறப்பதற்குள் வேறு கடைக்குப் போய்விடக்கூடிய வாடிக்கையாளரை ஒரு சிறு தொகையாலாவது கட்டிவைக்க வேண்டிய நெருக்கடியும் அதற்குள் இருக்கிறது.

நாளுக்குப் பிறகு நேரம். சனிக்கிழமை நடக்கும் திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்துக்காக நடக்கும் வாதம் ஆண்டுதோறும் எனக்குச் சலிக்காத ஒன்று. சனிக்கிழமை ராகு காலம் 9.00 முதல் 10.30 வரை என்று நாள்காட்டிகளில் பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். அது சூரியன் காலை 6 மணிக்கு உதிப்பதாகக் கொண்டு போட்ட கணக்கு. ஆடி மாதத்தில் கோலாலம்பூரில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 7.10 மணிக்கு, 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் இதற்கு ஒரு காரணம். உதயத்திலிருந்து கணக்கிட்டால் ராகு காலம் 10.10க்குத் தொடங்கி 11.40 வரை நீள்கிறது. பேரங்காடிக்குள் இருக்கும் அரங்கம் 10 மணிக்குத்தான் திறக்கும். அச்சிட்டதை நம்புபவர் 10.35க்கு ஏற்றலாம் என்பார்; குருக்களைக் கேட்டு வந்தவர் 11.45 என்பார். கடைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்து அந்த வழக்கை முடித்துவைப்பார்.

இவ்வளவு நுணுக்கமாக நாளையும் நேரத்தையும் பார்ப்பதற்குச் சந்தையின் அளவே காரணம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு, ஏறத்தாழ இருபது இலட்சம் பேர். அதில் அந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ கல்யாணம் செய்யப்போகும் குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கண்காட்சி பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆள்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது விளங்கும். கிள்ளான், ரவாங், காஜாங், சிரம்பான் என்று சுற்றுவட்டாரமே வந்தாக வேண்டும். விளம்பரத்தின் முழுக் கவலையும் அங்கேயே இருக்கிறது. தமிழ் நேசனின் ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் கொடுத்தால் போதும் என்றிருந்த காலம் உண்டு. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. இப்போது மின்னல், ராகா ஆகிய தமிழ் வானொலிகள் அறிவிப்பைச் சொன்னாலும், மணப்பெண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் மேக்கப் கலைஞர்கள் போடும் அரை நிமிடக் காணொலிகள்தாம்.

இனி அரங்குக்குள் போவோம். ஒரு கடைக்குக் கொடுக்கும் வழக்கமான இடம் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். மூன்று பக்கம் வெள்ளைத் தடுப்பு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு விளக்கு, 13 ஆம்பியர் மின்செருகி ஒன்று, மேலே கடைப் பெயரைத் தாங்கிய பட்டை. சேலைக் கடைக்கும் அழைப்பிதழ் அச்சகத்துக்கும் அது போதும். மணவறை அலங்காரக்காரருக்குப் போதாது; அவர் தடுப்பில்லாத வெறுந்தரையாக நான்கு மடங்கு இடத்தை வாங்கி, தனி மின்னிணைப்பு கேட்டு, அதற்கு வேறு கட்டணம் கட்டுகிறார். ஒற்றைச் செருகியில் நீட்டிப்பு வயரை மாட்டி, அதில் முடி சுருட்டும் கருவியையும் சேலை தேய்க்கும் பெட்டியையும் சேர்த்துச் சொருகி, வரிசையில் உள்ள ஆறு கடைகளையும் இருட்டாக்கிய ஒரு தங்கையை நான் அறிவேன். அந்த ஆறு கடைக்காரர்களும் அவரை இன்னும் அறிவார்கள்.

பெரும்பாலான அரங்குகள் வெள்ளிக்கிழமை இரவில்தான் கைக்கு வருகின்றன. ஒருநாள் முன்னதாக எடுத்தால் அந்த நாளுக்கும் வாடகை. இரவு பத்து மணிக்குப் பேரங்காடி மூடிய பிறகு சரக்கு இறக்கும் தளத்தில் லோரிகள் வரிசை கட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிடமோ நாற்பது நிமிடமோ ஒதுக்கப்பட்டிருக்கும். யார் முதலில் ஏற வேண்டும் என்ற வரிசைதான் அந்த இரவின் முக்கியமான முடிவு. மேடை அமைப்பவர் முதலில் போயாக வேண்டும், அவருக்குப் பின் மின்சாரம், ஒலி, ஒளி, பிறகு மணவறைகள், கம்பளம், கடைசியில் சிறிய கடைகள். கம்பளம் விரித்த பிறகு ஒரு தூண் வந்து சேர்ந்தால் கம்பளத்தைச் சுருட்டி மறுபடி விரிக்க வேண்டும். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

நான் ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்த முதல் கண்காட்சியில், சரக்கு மின்தூக்கியின் கதவு உயரத்தை யாரும் அளக்கவில்லை. அரங்கத்தின் கூரை உயரத்தை நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. அதை நம்பி அலங்கார அண்ணன் பத்தடித் தூண்கள் எட்டைக் கொண்டுவந்திருந்தார். மின்தூக்கிக் கதவு எட்டடி. சாய்த்துப் பார்த்தார்கள், மூலைவிட்டமாக வைத்துப் பார்த்தார்கள், நுழையவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு அவசரப் படிக்கட்டில் ஒவ்வொரு தூணையும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினோம். அவர்களில் இருவர் வங்காளதேசத்துப் பையன்கள். தூணில் இருந்த யாளியைக் காட்டி இது சிங்கமா யானையா என்று கேட்டுக்கொண்டே தூக்கினார்கள். ஒரு தூணின் போதிகை படிக்கட்டு மூலையில் இடித்து உடைந்தது. உள்ளே இருந்த வெள்ளை நுரைப்பஞ்சு தெரிந்ததால் அந்த இடத்தில் சாமந்தி மாலையைச் சுற்றிவிட்டோம். மறுநாள் மூன்று குடும்பங்கள் ‘அந்த மாலை சுற்றின தூண் மாதிரியே’ வேண்டும் என்று கேட்டன. அன்றிலிருந்து அண்ணன் எல்லாத் தூண்களிலும் மாலை சுற்றுகிறார். நான் எங்கு போனாலும் பையில் அளவுநாடாவை வைத்துக்கொள்கிறேன்.

அனுமதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஒன்று விட்டுப்போனாலும் நிகழ்ச்சி நின்றுவிடும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1992ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டம், ஆடல் பாடல் மட்டுமின்றி ஆள்கள் பங்கேற்கும் காட்சிகளையும் அணிவகுப்புகளையும் கேளிக்கை என்றே கணக்கில் கொள்கிறது. மணப்பெண் வேடத்தில் பத்துப் பெண்கள் மேடையில் நடந்து வருவதும் அதற்குள் வந்துவிடும் என்பதால் மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும். பினாங்கில் இதற்கு மாநிலத்தின் தனிச் சட்டம். சென்னையிலிருந்து பாடகரையோ நடிகரையோ வரவழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான புஸ்பாலின் ஒப்புதல் தனி. மேடையில் ஒலிக்கும் பதிவுப் பாடல்களுக்குப் பதிப்புரிமை அமைப்புகளிடம் உரிமம் பெற வேண்டும். சினிமாப் பாடல் இல்லாமல் மணப்பெண் நடந்து வந்த கண்காட்சியை நான் பார்த்ததில்லை.

தீயைப் பற்றிய விதிதான் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது. மூடிய அரங்கில் ஹோமம் வளர்க்க முடியாது. கூரையில் இருக்கும் புகையுணர் கருவி அலறிவிடும், தெளிப்பான்கள் திறந்துகொண்டால் கோடிக்கணக்கான ரிங்கிட் பட்டும் நகையும் நனையும். ஆகவே மேடையிலுள்ள மணவறையில் ஹோமகுண்டத்துக்குள் ஒரு சிறு விசிறியும் ஆரஞ்சு விளக்கும் வைத்து, மேலே பட்டுத்துணித் துண்டுகளைப் பறக்கவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்புதான். சாம்பிராணியும் கிடையாது. குத்துவிளக்குக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பக்கத்தில் தீயணைப்பானோடு ஒரு காவலரை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு அனுமதி வாங்குகிறோம். மணமக்கள் நுழையும்போது காலடியில் தவழும் வெண்மேகம் உலர்பனிக்கட்டியால் வருவது. சுழியத்துக்குக் கீழ் 78 பாகையில் இருக்கும் அந்தக் கரியமிலவாயுக் கட்டியை வெந்நீரில் இறக்கினால் எழும் குளிர்ந்த பனிமூட்டம் காற்றைவிடக் கனமானதால் தரையோடு கிடக்கிறது. மேலே ஏறாததால் கருவி விழித்துக்கொள்வதில்லை. அதே வாயு மூச்சடைப்பதால், காற்றோட்டமில்லாத மேடைப் பின்புறத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து வைப்பது ஆபத்து. கையுறையில்லாமல் தொட்டுக் கை பொத்துப்போன உதவியாளர்களும் உண்டு.

பூவுக்கு வருவோம். மணவறையின் பின்புறமும் மேற்புறமும் பெரும்பாலும் துணிப்பூதான். கையெட்டும் தூரத்தில், படத்தில் விழும் இடத்தில் மட்டும் உண்மைப் பூ. ரோஜாவும் சாமந்தியும் கேமரன் மலையிலிருந்து இறங்குகின்றன. ஜடைக்கு வேண்டிய மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. விடியுமுன் பறித்த மொட்டு அன்று மாலை விரிந்துவிடும் இயல்புடையது. குளிரில் வைத்துத்தான் அதை மொட்டாகவே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பெட்டியை எப்போது திறப்பது என்பதில் கண்காட்சிக்கும் கல்யாணத்துக்கும் வேறுபாடு உண்டு. கல்யாணத்தில் முகூர்த்தம் காலையில் என்பதால் பூ முந்தைய இரவே கோத்து முடிந்திருக்கும். கண்காட்சியிலோ மேடைநேரம் மாலை நான்கு, பிறகு ஏழு. இரண்டுக்கும் ஒரே ஜடை தாங்க வேண்டும். அரங்கின் குளிர்சாதனக் காற்று ஈரத்தை உறிஞ்சி இதழின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, ஈரத்துணி சுற்றிய வாழையிலைப் பொட்டலமாகவே ஜடையைக் கொண்டுவந்து, மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் பிரிப்பார். அதுவரை எந்த மேக்கப் கலைஞர் கெஞ்சினாலும் தரமாட்டார்.

மேடைக்குப் பின்னால் திரையிட்ட ஓர் அறைதான் ஒப்பனை அறை. ஒரு மணப்பெண்ணின் முகத்துக்கு ஒன்றரை மணி நேரமும் தலைக்கு முக்கால் மணி நேரமும் ஆகிறது. பத்துப் பெண்கள் என்றால், மாலைக் காட்சிக்குக் காலை ஒன்பது மணிக்கே முதல் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் ஏழு மணி நேரம் முகத்தைத் தொடாமல், உறிஞ்சுகுழல் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார். சேலை கட்டுவதற்கு நேரம் போகாதபடி, முந்தின இரவே ஒவ்வொரு பட்டுக்கும் முந்தானை மடிப்பும் கொசுவமும் எடுத்து, தேய்த்து, கவ்வி மாட்டிப் பெட்டி மடிப்பாக வைத்துவிடுகிறார்கள். இருபது நிமிட வேலை நான்கு நிமிடமாகச் சுருங்குவது அதனால்தான். சுவரில் ஒட்டிய தாளில் எந்தப் பெண், எந்தப் பாட்டு, எந்தச் சேலை, எந்த நகை செட், எந்தப் பக்கமாக நுழைவது என்று வரிசை எழுதியிருக்கும். முதல் பாட்டு தொடங்கியதும் அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை.

“அக்கா, இடது பக்க மாட்டல காணோம்.”

“எந்த செட்டு?”

“மூணாவது செட்டு கா. கெம்புக்கல்லு.”

“அஞ்சாவதா நிக்கிற பொண்ணு காதுல இருக்கா பாரு. தலைய ஆட்டாத மா, ஊக்கு குத்திடும்.”

அந்த நகைகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் கோயில் பாணி நகைகள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், வங்கி, ஒட்டியாணம் எனக் கணக்கெடுத்தால் ஒரு செட்டில் இருபதுக்கும் மேற்பட்ட உருப்படிகள். சிவப்பு வெல்வெட் தட்டில் அடுக்கி, பெண்ணுக்குப் போடுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுப்பது நல்ல வழக்கம். ஒற்றை ஜிமிக்கி தொலைந்தால் மற்றதும் வீண். அந்த நிறக் கல்லில் இன்னொன்று கிடைக்க, செய்த ஊருக்கே ஆளனுப்ப வேண்டும். உண்மைத் தங்கம் மேடையேறினால் ஏற்பாடே வேறு. நகைக்கடைக்காரர் தம் தராசையும் காவலரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு 916 நகையும் எடை போட்டுக் கொடுக்கப்பட்டு, எடை போட்டுத் திரும்ப வாங்கப்படுகிறது. அணிந்த பெண் கழிவறைக்குப் போனாலும் ஒருவர் வாசலில் நிற்பார். விற்பனைக்கின்றிக் காட்சிக்கு மட்டும் இந்தியாவிலிருந்து வரும் நகைகளுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் உண்டு. வந்தது அத்தனையும் திரும்பிப் போனதாகச் சுங்கத்தில் காட்டியாக வேண்டும்.

ஒளியைப் பற்றி வாசகர், குறிப்பாக மணப்பெண்ணின் அம்மா, கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மேடை விளக்குகள் 5,600 கெல்வின் அளவில் வெள்ளையாக எரிந்தால் சரிகை வெள்ளி போல வெளுக்கும். 3,200 அளவில் மஞ்சளாக எரிந்தால் அதே சரிகை பழுத்த தங்கமாகத் தெரியும். நீல ஒளியில் அரக்குப் பட்டு கறுப்பாகிவிடும். இதையெல்லாம் அறிந்த சேலைக்காரர் ஒளி அமைப்பவரிடம் முன்பே பேசி, தம் சேலைகள் வரும்போது மஞ்சள் ஒளி கேட்டு வாங்கிவிடுவார். மேக்கப்பும் அப்படியே. மேடைக்கும் கைப்பேசிக் கேமராவுக்குமாகப் பூசிய முகம் அது. குளிர்சாதன அரங்கில் நாள் முழுவதும் வியர்க்காமல் இருந்த முகமும்கூட. மின்விசிறி மட்டும் சுழலும் கோயில் மண்டபத்தில், 32 பாகை வெயிலில், ஹோமப் புகைக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்த பின் அது எப்படியிருக்கும் என்பதைக் கண்காட்சி காட்டாது. மேடையிலிருந்து இறங்கிய பெண்ணை வெளித்தாழ்வாரத்துக் குழல்விளக்கின் கீழ் ஓரடி தூரத்தில் பாருங்கள் என்று என் அத்தை மகளுக்குச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு, மேடையில் பிடித்திருந்த கலைஞரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒலிக்காரர்களுக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் நடக்கும் பழைய சண்டையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தவிலுக்கு மைக் வைக்காதீர்கள்.

இத்தனை பேருக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கண்காட்சிக்கு இலவசமாக வந்து போகிறவர்கள் கேட்பதில்லை. ஏற்பாட்டாளருக்குக் கடை வாடகையும் விளம்பர ஆதரவும் வருமானம். கடைக்காரரின் கணக்கு வேறு. எடுத்துக்காட்டாக ஒரு மேக்கப் கலைஞர் கடைக்கு 3,500 ரிங்கிட் வாடகை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலங்காரம், உதவியாளர் கூலி, வண்டி, சாப்பாடு, படப்புத்தகம் எல்லாம் சேர்த்து மொத்தம் 6,000 ஆகிவிடும். இரண்டு நாளில் நான்கு மணப்பெண்கள் பதிவு செய்தால் ஒவ்வொருவர் தலையிலும் 1,500 ரிங்கிட் ஏறி நிற்கிறது. அவர் தருவதாகச் சொல்லும் 500 ரிங்கிட் தள்ளுபடியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விலைப்பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்பது தெரியும்.

கணக்கில் வராத கூலியும் இருக்கிறது. மேடையில் நடக்கும் பெண்களில் பலர் தொழில்முறை மாடல்கள் அல்லர். கல்லூரி மாணவிகள், வங்கி ஊழியர்கள், மேக்கப் கலைஞரின் முந்தைய மணப்பெண்கள். அவர்களுக்குக் கிடைப்பது படங்கள்தாம். இதற்கு ‘கொலாப்’ என்று பெயர். மேக்கப் கலைஞர் சம்பளம் வாங்காமல் முகம் செய்கிறார், சேலைக்கடை சேலை தருகிறது, நகைக்காரர் நகை தருகிறார், படம் பிடிப்பவர் படம் தருகிறார். பதிவின் கீழே எல்லார் பெயரும் போடப்படும். பெயர் விட்டுப்போனால் வரும் சண்டை, கூலி கொடுக்காவிட்டால் வரும் சண்டையைவிடக் கசப்பானது, ஏனென்றால் அந்தப் பெயர்தான் அங்கே கூலி. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இந்த முறை கதவைத் திறந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ளவர்களையும், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நிற்கும் உதவிப் பெண்களையும் அதே கதவருகே நிறுத்தி வைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. உதவியாளருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ண மறந்த கண்காட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். டத்தோவுக்குப் போட வேண்டிய மாலையை எவரும் மறந்து பார்த்ததில்லை.

வாடிக்கையாளர் பக்கம் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். குலுக்கல் பரிசுக்கு என்று நிரப்பும் படிவத்தில் பெயர், கைப்பேசி எண், கல்யாண நாள் எல்லாம் கேட்பார்கள். கண்காட்சியின் மதிப்புமிக்க விளைபொருள் அந்தப் பட்டியல்தான். கடைக்காரர்களுக்கு அது போய்ச் சேரும். 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்த எண் எதற்குப் பயன்படும் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அடுத்தது முன்பணம். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, கல்யாணங்கள் தள்ளிப்போக, ரசீதில் நாளைத் தவிர வேறெதுவும் எழுதி வாங்காத பல குடும்பங்கள் தவித்தன. கடைக்காரர்களும் தவித்தார்கள், வாங்கிய முன்பணம் ஏற்கெனவே துணியாகவும் தூணாகவும் மாறியிருந்தது. இப்போது விவரமான கடைகள் நாள் மாறினால் என்ன, கலைஞர் வர முடியாவிட்டால் என்ன என்று எழுதித் தருகின்றன. எழுதாமல் ஏமாற்றப்பட்டவருக்கும் வழி உண்டு: மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம்.

பினாங்கில் இதே வேலை கொஞ்சம் வேறு உருவில் நடக்கிறது. லெபோ பசார், லெபோ குயின் வட்டாரத்துக் கடைகள் தலைமுறைகளாக அங்கேயே இருப்பதால் வாடிக்கையாளருக்குக் கடைக்காரரைக் கண்காட்சி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் மணவறையும் மேக்கப்பும்தான் அங்கே புதுமை. கிள்ளானில் வெள்ளி மாலை ஏற்றிய லோரி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓடி, நள்ளிரவுக்குப் பின் பாலத்தைக் கடந்து, விடியுமுன் தீவில் தூண்களை இறக்குகிறது. ஒரு திருகாணிப் பை கிள்ளானிலேயே தங்கிவிட்டால் அந்தக் காலை எப்படிப் போகும் என்பதை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் நன்றி சொல்லி முடித்ததும் பிரிப்பு தொடங்குகிறது. நான்கு மணி நேரம் தாண்டினால் அரங்கம் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம் போடும் என்பதால், கட்டும்போது இருந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது: கடைகள், கம்பளம், மணவறை, மின்சாரம், மேடை. நுழைவாயிலில் நின்ற வாழைமரங்களின் அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு நாள் சொட்டிய நீர் தேங்கியிருக்கும்; கம்பளம் கறைபட்டதா என்று அரங்கப் பணியாளர் கைவிளக்கு அடித்துப் பார்ப்பார். ஒப்பனை அறையில் நகைக்கார அக்கா தரையில் உட்கார்ந்து, கைப்பேசிப் படத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார். மூன்றாவது செட்டின் இடது மாட்டல் அன்று ஐந்தாவது பெண்ணின் காதில் இல்லை. ஏழாவது பெண்ணின் கழற்றிப் போட்ட ஜடைக்குள், வாடிய மல்லிகையோடு சிக்கிக் கிடந்தது. தூண்களை இந்த முறை படுக்க வைத்தே இறக்கினார்கள், பத்தடித் தூணை ஐந்தடியாகக் கழற்றும்படி அண்ணன் மாற்றிச் செய்துவிட்டார். சாமந்தி மாலைகளை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, தூண்களுக்குத் துணி சுற்றி லோரியில் ஏற்றும்போது, ஓட்டுநர் இவை எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கிடங்குக்கு வேண்டாம், நேராகக் காஜாங் மண்டபத்துக்கு விடு என்றார் அண்ணன். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, ஆனால் அந்தக் குடும்பம் தூணை முன்கூட்டியே அளந்து பார்க்கக் கேட்டிருந்ததாம்.